மீனுக்குப் போன மிச்சம்

ஆட்டுக்கறி வாங்கப் போனா நம்ம ஊர்ல நாலு கேள்வி கேப்பாங்க. வெள்ளாடா, செம்மறியா, மேய்ச்சலுக்குப் போனதா, கட்டிப்போட்டு வளத்ததா? நாட்டுக்கோழின்னா கேள்வி இன்னும் கூடும். மீன்கடையில கேக்குறது ஒரே கேள்விதான்: "எந்த ஊரு மீனுங்க?" கடல் மீனா டேம் மீனான்னு தெரிஞ்சா போதும், அதோட விஷயம் முடிஞ்சுது. அது எதைத் தின்னு வளர்ந்துச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. கடல்ல பிடிச்ச மீனுக்கு அந்தக் கேள்வி தேவையில்லாம இருக்கலாம். குட்டையில வளர்த்த மீனுக்குக் கண்டிப்பா தேவை.

பனியன் ஊர்ல உக்காந்துக்கிட்டு மீன் தீவனத்தைப் பத்தி எதுக்குடா எழுதுறேன்னு நினைக்காதீங்க. கொஞ்ச நாளா இதைத் துருவிக்கிட்டு இருந்ததுல எனக்குப் பட்டது இதுதான்: நம்ம பக்கத்துல வளர்ப்பு மீனுக்குன்னு தனியா ஒரு தீவனம் ரொம்ப காலம் இருந்ததே இல்ல. வேற ஏதோ ஒரு தொழில்ல மிஞ்சினதுதான் மீனுக்குப் போயிருக்கு. செக்குல மிஞ்சினது, அரிசி மில்லுல மிஞ்சினது, பட்டுல மிஞ்சினது, கோழிக்கடையில மிஞ்சினது. எந்தக் காலத்துல எந்தத் தொழில் ஓஹோன்னு நடந்துச்சோ அதோட மிச்சம்தான் அந்தக் காலத்து மீனோட சாப்பாடு. அந்த வரிசையை அப்படியே எழுதிப் பார்த்தா இந்த வட்டாரத்தோட தொழில் வரலாறே பாதி வந்துடுது.

முதல்ல ஒரு வெள்ளைக்காரர். சர் பிரடெரிக் நிக்கல்சன். கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை 1887-ல் எழுதினவர் இவர்தான். அப்ப திருப்பூர், பல்லடம், தாராபுரம், உடுமலை எல்லாம் கோயமுத்தூர் மாவட்டம். கூட்டுறவு சங்க ஆளுங்களுக்கும் இவர் பேர் தெரிஞ்சிருக்கும். விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கிற சங்கம் வேணும்னு 1895-லயும் 1897-லயும் ரெண்டு பாகமா அறிக்கை கொடுத்தவர். நம்ம கிணத்துப் பாசனத்தையும் பருத்தியையும் எழுதின அதே மனுஷர் பணி ஓய்வுக்கு அப்புறம் மீன் பக்கம் திரும்பி, 1907-ல் சென்னை மாகாண மீன்துறையையே ஆரம்பிச்சு வெச்சார். மேற்குக் கடற்கரையில கொட்டுக்கொட்டுன்னு கிடைச்ச மத்தி மீனை வேகவெச்சுப் பிழிஞ்சு எண்ணெய் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். எண்ணெய் போக மிஞ்சின சக்கையைக் காயவெச்சா அதுக்குப் பேர் குவானோ. சில வருஷத்துல அந்தக் கரையில நூத்துக்கணக்குல சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் வந்துடுச்சு. எண்ணெய் தொழிலுக்குப் போச்சு, சக்கை தோட்டத்துக்கு எருவாப் போச்சு.

செக்குல கடலையை ஆட்டினா எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். இவர் மத்தியை ஆட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம். மீன் புண்ணாக்கு! அந்தக் காலத்துல மீன் பயிருக்குச் சோறு போட்டுச்சு. பயிர்ல இருந்து மீனுக்குச் சோறு போகணும்ங்கிற யோசனை அப்ப இங்க பெருசா இல்ல. நொய்யல் கரையில வரிசையா குளம் இருந்துச்சு, மீனும் இருந்துச்சு. யாரும் அதுக்குத் தீனி போடல. ஆடு மாட்டுச் சாணம் மழையில அடிச்சுக்கிட்டு வந்து குளத்துல விழும், அதுல பாசி வரும், பாசியில பூச்சி வரும், மீன் பார்த்துக்கும். கோடையில குளம் வத்துறப்ப ஊரே இறங்கிப் பிடிக்கும். ஒரு வகையில அதுவும் மிச்சம்தான், மாட்டோட மிச்சம்.

சுதந்திரத்துக்கு அப்புறம் சர்க்காருக்கு ஒரு பெரிய ஆசை வந்துச்சு. ஜனங்களுக்குப் புரதம் வேணும், ஆனா செலவு ஆகக்கூடாது. அந்த ஆசைக்கு ஏத்த மீன் ஒண்ணு கிடைச்சுது. ஆப்பிரிக்காவோட மொசாம்பிக் திலாப்பியா. 1952-ல் பாங்காக்ல இருந்தும் இலங்கையில இருந்தும் இந்தியாவுக்கு வந்துச்சு. திலாப்பியாங்கிற பேரு நம்மாளுங்க வாயில ஜிலேபி ஆயிடுச்சு. (மீனுக்கும் மிட்டாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சின்ன வயசுல ஜிலேபி மீன் இனிக்கும்னு நினைச்சவங்க கையைத் தூக்குங்க :-) ) பாசி, அழுகின இலை, சேறு, எதைக் கொடுத்தாலும் தின்னும். பொட்டை மீன் முட்டையை வாய்க்குள்ளயே வெச்சு அடைகாக்கும். அந்த நாள்ல அது சரியா சாப்பிடுறதும் இல்ல. தீனி போட வேண்டாம், குஞ்சு வாங்க வேண்டாம், மருந்து வேண்டாம். ஏழைகளின் மீன்னு கொண்டாடினாங்க.

நம்ம உடுமலைக்குத் தெக்கே ஆனைமலை அடிவாரத்துல அமராவதி அணை 1957-ல் முடிஞ்சுது. ஜிலேபி அதுல குடியேறி, கொஞ்ச காலத்துல வலையில விழுறதுல பெரும்பங்கு அதுவாயிடுச்சு. இன்னைக்கும் அமராவதி டேம் மீன்னா பாதிப் பேருக்கு ஜிலேபிதான் ஞாபகம் வரும். ஆனா அதுக்குள்ள விஞ்ஞானிகளுக்கு வேற பயம் வந்துடுச்சு. சும்மா சும்மா குஞ்சு பொரிச்சுக் கூட்டம் பெருத்துப் போகும், தீனி எல்லாருக்கும் பத்தாது, மீன் உள்ளங்கை அளவுக்கு மேல வளராது, கூட இருக்கிற உள்ளூர் மீனோட சாப்பாட்டையும் பிடுங்கிடும். 1959-லயே இதைப் பரப்ப வேண்டாம்னு மத்திய அளவுல முடிவு பண்ணிட்டாங்க. ஏழு வருஷத்துல கொண்டாட்டம் முடிஞ்சுது. மீன் மட்டும் போகல. தீனி போடாம வளர்ற மீன்னு ஒண்ணு கிடையாது, அது யாரோடதையோ தின்னுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அதே 1957-ல் ஒடிசாவுல அங்குல்ங்கிற ஊர்ல இன்னொரு வேலை நடந்துச்சு. ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு, குளத்துலயே முட்டையிட வெச்சுட்டாங்க. ஜூலை 10. இன்னைக்கும் அந்த நாள்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம். அதுவரைக்கும் ஆத்துல வெள்ளம் வர்றப்ப குஞ்சு வாரிக்கிட்டு வரணும். இனிமே பண்ணையிலயே குஞ்சு. 1971-ல இருந்து கூட்டுமீன் வளர்ப்புன்னு நாடு முழுக்க சோதனை பண்ணினாங்க. கட்லா மேல்மட்டத்துல சாப்பிடும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. கூடவே வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டைன்னு வெளிநாட்டு மீன் மூணு. ஒரே குளத்துல ஆறு பந்தி.

அந்தப் பந்திக்கு என்ன பரிமாறினாங்க? கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும், சரிக்குச் சரி. இந்தியாவுல எந்த மூலையில மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போனாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் அனுப்புவாங்க. புண்ணாக்குல 40 சதவீதத்துக்கு மேல புரதம், தவிட்டுல 12, 13. ரெண்டையும் கலந்தா 26, 27 வரும். கெண்டைக்கு 30 பக்கம் இருந்தா நல்லது, மீதியைக் குளத்துப் பாசி கொடுத்துடும். கணக்கு அழகா இருக்கும். முதல் நாள் ராத்திரி புண்ணாக்கை ஊற வெச்சு, காலையில தவிட்டோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சுத் தட்டுல வெச்சு இறக்கணும். ஆந்திராவுல கொல்லேரு பக்கம் சாக்குப்பையில தவிட்டைக் கட்டி, அடியில ஓட்டை போட்டு, மூங்கில்ல தொங்க விட்டுடுவாங்க. மீன் வந்து பையை முட்டி முட்டித் தின்னும்.

இங்கதான் கொங்குநாட்டுச் சிக்கல். கடலைப் புண்ணாக்கு யாருக்கு? வீட்டுல கறவை மாடு இருக்குறப்ப மீனுக்குப் புண்ணாக்கு போடுறேன்னு ஒருத்தர் சொன்னா ஆத்தாக்காரி விளக்குமாத்தை எடுக்கும். மாடு காலையிலயும் சாயந்திரமும் பால் கொடுக்குது, மீன் பத்து மாசம் கழிச்சுத்தான் காசு கொடுக்கும். புண்ணாக்கு விலை ஏறினா முதல்ல குறையறது மீனோட பங்குதான். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரை உலர்களமும் எண்ணெய் மில்லும் பெருகினப்புறம் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்ந்துச்சு. அதுல புரதம் கடலையில பாதிதான்.

திருப்பூர்க்காரங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. பனியனுக்கு முன்னாடி இது பருத்திச் சந்தை ஊர், ஜின்னிங் பேக்டரி ஊர். பருத்திக்கொட்டை மலைமலையாக் கிடந்த இடம். அதை ஏன் மீனுக்குப் போடல? பருத்திக்கொட்டையில காசிபால்னு ஒரு மஞ்சள் நச்சு இருக்கு. மாடு அசைபோடுற பிராணி. அதோட பெரிய வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்க பெரும்பகுதியை முறிச்சுடும். அதனாலதான் காங்கயம் காளை பருத்திக்கொட்டையைத் தின்னுட்டு ஜம்முன்னு நிக்குது. மீனுக்கும் கோழிக்கும் அந்த வயிறு கிடையாது. கொஞ்சமாக் கலந்தா தாங்கும், கூடினா வளர்ச்சி நின்னு போகும்.

அதைவிடப் பெரிய கதை 1960-ல் அமெரிக்காவுல நடந்துச்சு. மேற்குப் பக்கத்து மீன் பண்ணைகள்ல டிரவுட் மீனை அறுத்துப் பார்த்தா ஈரல்ல புத்துநோய்க் கட்டி. ஒண்ணு ரெண்டு இல்ல, கூட்டம் கூட்டமா. முதல்ல தொத்துநோயோன்னு பயந்தாங்க. தோண்டிப் பார்த்தப்ப தீவனத்துல இருந்த பருத்திக்கொட்டைத் தூள்ல வந்து நின்னுச்சு. கொட்டை குத்தம் இல்ல, அதுல பூத்த பூஞ்சணம். அதே வருஷம் இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சு; அங்க குத்தவாளி பிரேசில்ல இருந்து போன கடலைப் புண்ணாக்கு. ரெண்டுக்கும் விஷம் ஒண்ணுதான், அஃப்ளாடாக்சின். ஈரச்சாக்குல பச்சை பூத்த புண்ணாக்கைப் பார்த்துட்டு "மனுஷனா திங்கப்போறான், மீன்தானே"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க பாருங்க, அவங்களுக்காகவே இதை இங்க எழுதுறேன்.

இனி பட்டு. உடுமலை சுத்துவட்டாரத்துல பட்டுப்புழு வளர்க்குறது உங்களுக்குத் தெரியும். நூறு கிலோ பச்சைக் கூடு எடுத்துக்கிட்டா அதுல சுமார் எண்பது கிலோ உள்ள இருக்கிற புழுதான். கூட்டை வேகவெச்சு நூலை உருவினதும் புழு மிச்சம். அந்த வாடையை ஒரு தடவை மோந்தவங்க மறக்க மாட்டாங்க. ஆனா காயவெச்சுப் பார்த்தா பாதிக்குப் பாதி புரதம்! கடலைப் புண்ணாக்கே தோத்துடும்.

இதைச் சீனாக்காரன் நமக்கு ரொம்ப முன்னாடியே பண்ணிட்டான். அவன் ஊர்ல ஹுசோவுன்னு ஒரு இடம். குளம் வெட்டின மண்ணைக் கரையாப் போட்டு, கரை மேல மல்பெரி. இலை புழுவுக்கு, புழுவோட எச்சமும் கூட்டுப்புழுவும் மீனுக்கு, மீன் குளத்துச் சேறு திரும்ப மல்பெரிக்கு. துணியும் மீனும் ஒரே சுத்துல. உலக உணவு அமைப்பு 2017-ல் இதைப் பாரம்பரிய வேளாண் முறைன்னு பட்டியல்ல சேர்த்துச்சு. ஜப்பான்லயும் பட்டுத் தொழில் ஓங்கின காலத்துல கெண்டைக்குப் பட்டுப்புழுதான் தீனி. அங்க ஒரு விநோத நோய் வந்துச்சு. நல்லா தின்னுக்கிட்டு இருந்த மீனுக்கு முதுகுச் சதை வத்தி, கத்தி மாதிரி ஆயிடும். செகோகேன்னு பேர். தேடிப் பார்த்தா, புழுவுல இருக்கிற கொழுப்பு நாள்பட்டுக் காறிப் போனதால வந்த வினை. வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்ததும் நோய் கட்டுப்பட்டுச்சு. நம்ம வீட்டுல காறின எண்ணெயை மூக்குல வெச்சுப் பார்த்துட்டுக் கொட்டிடுறோம், மீன் அப்படி மோந்து பார்த்து ஒதுக்குறதில்ல.

இத்தனைக்கும் நடுவுல நொய்யலைச் சொல்லாம விட முடியாது. சாயப்பட்டறை மிச்சம் மட்டும் எந்த மீனுக்கும் சோறாகல. சாயம் துணியில பிடிக்கிறதுக்காகப் போட்ட உப்பு மொத்தமும் ஆத்துக்குப் போச்சு. பாசனத்துக்குன்னு 1992-ல் கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியா மாறி, கீழ இருக்கிற விவசாயிங்க தண்ணியைத் திறக்காதேன்னு போராடுற நிலைமை ஆச்சு. தண்ணி கேட்டுப் போராடித்தான் பார்த்திருக்கோம்! 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடாத முறைக்கு மாறினதும் தனியா எழுத வேண்டிய கதை. ஒரு ஆத்துல மீன் வளரணும்னா முதல்ல பாசியும் பூச்சியும் வளரணும். தீனிச் சங்கிலியோட முதல் கண்ணி அதுதான். அந்தக் கண்ணியையே நாம அறுத்துட்டோம். உப்பு தாங்கக்கூடிய மீன்னா ஜிலேபிதான். கடல் தண்ணியையே தாங்குற மீன் அது. விரட்டணும்னு 1959-ல் முடிவான மீனுக்கு இந்த மாதிரித் தண்ணி பொறந்த வீடு.

இப்ப கோழி. எனக்கு உறுத்துற இடம் இது. பல்லடம் பிராய்லர் கோழிக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேர், தினம் கொள்முதல் விலையே பல்லடத்துலதான் அறிவிக்கிறாங்க. சுகுணா 1984-ல் உடுமலையில சின்னப் பண்ணையா ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கோழி எரு கொஞ்சம் குளத்துக்குப் போச்சு. அளவாப் போட்டா பாசி வளர நல்லது. பிரச்சினை எரு இல்ல, குடல். ரெண்டு கிலோ கோழியை உரிச்சா அரைக்கிலோவுக்கு மேல இறகும் குடலும் தலையுமா மிஞ்சும். ஞாயித்துக்கிழமை ஒரு ஊர்ல எத்தனை கடை, எத்தனை கோழின்னு நீங்களே கணக்குப் போடுங்க. அந்தக் கழிவைக் கொட்ட இடம் கிடையாது. அதைக் கூசாமத் தின்ன ஒரு மீன் வந்துச்சு, ஆப்பிரிக்கக் கெளுத்தி.

1990-களில் வங்கதேசம் வழியா கள்ளத்தனமா உள்ள வந்ததுன்னு சொல்லுவாங்க. காத்தை நேரா சுவாசிக்கும். தண்ணி கறுத்து நாறினாலும் சாகாது. சில மாசத்துல கிலோ எடை தாண்டும். குளத்தை விட்டுத் தப்பிச்சா தவளை, சின்ன மீன், குஞ்சு குளுவான் ஒண்ணையும் விடாது. மத்திய அரசு 1997-லயே வளர்க்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயமும் தடையை அமல்படுத்தச் சொல்லுச்சு. இன்னும் மாவட்ட நிர்வாகங்கள் குட்டையைக் கண்டுபிடிச்சு அழிக்கிற செய்தி பேப்பர்ல வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

ஏன் ஓயல? இதை மீன் பிரச்சினையாப் பார்க்குறதாலன்னு நினைக்கிறேன். கோழிக்கடைக்காரருக்குக் கழிவு தொலைஞ்சா போதும். குட்டைக்காரருக்குத் தீவனச் செலவே இல்ல. கடலைப் புண்ணாக்கு வாங்கி கட்லா வளர்க்கிற நேர்மையான ஆள் இந்தக் கணக்கோட எப்படிப் போட்டி போடுவார்? வாங்குறவங்களுக்கு ரெண்டும் "உயிர் மீன்". மீனைத் தடை பண்ணியாச்சு. குடல் மட்டும் தினம் காலையில வந்துக்கிட்டே இருக்கு. அதை வேகவெச்சு, கிருமி போக உலர்த்தித் தூளாக்குற ஆலைக்குப் போக வழி பண்ணாத வரைக்கும், ராத்திரி ஆட்டோவுல அது எங்கயாவது ஒரு குட்டைக்குத்தான் போகும்.

இப்ப பொங்கலூர், குடிமங்கலம் பக்கமெல்லாம் பண்ணைக்குட்டை நிறைய. அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டை. தண்ணி ஊறிப் போகாதுங்கிறது நல்ல விஷயம். ஆனா மண்ணு இல்லாத இடத்துல பாசியும் புழுவும் பெருசா வராது. பழைய குளம் பாதிச் சாப்பாட்டைச் சும்மா கொடுத்துச்சு, ஷீட் குட்டையில முழுச் சாப்பாட்டையும் மூட்டையாத்தான் வாங்கணும். மொத்தச் செலவுல பாதிக்கு மேல தீவனமே தின்னுடும். அந்த மூட்டையில வர்றது மிதவைத் தீவனம். மாவை ஆவியில வேகவெச்சு அழுத்தி வெளிய தள்ளுறப்ப உப்பி, பொரி மாதிரி மிதக்கும். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்ல. மீன் மேல வந்து தின்னுறது கண்ணுக்குத் தெரியும், மிஞ்சினா நிறுத்திக்கலாம். புண்ணாக்கு உருண்டை அடியில கிடந்து அழுகினா மறுநாள் மீன் வாயைப் பிளந்துக்கிட்டு மேல வர்றப்பத்தான் தெரியும்.

(வெளிநாட்டுல இது எவ்வளவு தூரம் போயிருக்குன்னா, பண்ணை சால்மன் மீனோட சதை என்ன சிவப்புல வரணும்னு முடிவு பண்ணி, அதுக்கேத்த அளவு நிறச்சத்தைத் தீவனத்துல கலக்குறாங்க. ரோச் கம்பெனி அதுக்குன்னு விசிறி மாதிரி ஒரு கலர் அட்டையே போட்டுச்சு. நம்மூர் மெர்ச்சண்டைசர் கையில இருக்குமே ஷேட் கார்டு, அதே தான்!)

மூட்டையில புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனைன்னு அச்சடிச்சிருக்கும். அது எதுல இருந்து வந்த புரதம்னு பல மூட்டையில இருக்காது. பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம், கொஞ்சம் மீன்தூள். அந்த மீன்தூள் வேற எதுவும் இல்ல, நிக்கல்சன் பிழிஞ்செடுத்த மத்திச் சக்கையோட வாரிசு. அன்னைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது, நடுவுல கோழிக்குப் போச்சு, இன்னைக்கு எறாலுக்கும் மீனுக்கும் போகுது. பொடிப்பொடி மத்தியெல்லாம் மீன்தூள் ஆலைக்கே போகுதுன்னு கேரளாவுல சண்டை வந்து, 10 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கிற மத்தியைப் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 2021-ல் அங்க மத்தியே அகப்படாம வலைக்காரங்க தவிச்சாங்க. அதுக்குக் கடல் மாறினது உட்பட வேற காரணங்களும் உண்டு.

இப்ப ஆராய்ச்சிக்காரங்க கை வெச்சிருக்கிறது ஒரு கறுப்பு ஈ மேல. படைவீரன் ஈன்னு மொழிபெயர்க்கிறாங்க. காய்கறிக் கழிவுல இதோட புழுவை விட்டா ரெண்டு மூணு வாரத்துல கொழுத்துடும், காயவெச்சா 40 சதவீதப் புரதம். மீன்தூளுக்குப் பதிலா கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பார்க்குறாங்க, முடிவெல்லாம் நல்லாத்தான் வருதாம். சந்தையில மிஞ்சின அழுகின தக்காளி புழுவுக்கு, புழு மீனுக்கு. பட்டுப்புழுவுக்கு வந்த அதே காறல் பிரச்சினை இதுக்கும் உண்டு, கொழுப்பு அதிகம். அதனால முதல்ல எண்ணெயைப் பிழிஞ்சு எடுத்துட்டு, சக்கையைத்தான் மீனுக்குக் கொடுக்குறாங்க.